பரிசளிப்பு மேடைக்கு வராத பிள்ளைகள்: ஆரணி நெசவு வீடுகளிலிருந்து ஒரு கல்விக் கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தவுடன் நம் ஊர்களில் ஒரே காட்சிதான். முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளின் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரும். சில நாட்களில் ஜமாஅத் சார்பிலோ இளைஞர் அமைப்பின் சார்பிலோ பரிசளிப்பு விழா நடக்கும். நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதே நாளில், அதே தெருவில், தேர்ச்சி பெறாத ஒரு பையன் யார் முகத்திலும் விழிக்காமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பான். அவனைப் பார்க்க யார் போகிறார்கள்? இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

2025 மே 16 அன்று வெளியான பத்தாம் வகுப்பு முடிவுகளை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் தேர்வெழுதியவர்கள் 8,71,239 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 8,17,261 பேர், அதாவது 93.80 சதவீதம். செய்திகள் இதோடு முடிந்துவிட்டன. மீதமுள்ள சுமார் 54 ஆயிரம் பிள்ளைகள் தலைப்புச் செய்தி ஆகவில்லை. மாணவியர் தேர்ச்சி 95.88 சதவீதம், மாணவர் தேர்ச்சி 91.74 சதவீதம். திருப்பிப் பார்த்தால், நூறு பெண் பிள்ளைகளில் நான்கு பேர் தவறுகிறார்கள் என்றால், நூறு ஆண் பிள்ளைகளில் எட்டுப் பேர் தவறுகிறார்கள். இரண்டு மடங்கு.

வட மாவட்டங்களில் நிலை இன்னும் கவலைக்குரியது. 2024ஆம் ஆண்டு மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதமாக இருந்தபோது, வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்துடன் கடைசியில் நின்றது. ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டமும் அந்தப் பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருந்தது. நம் சமுதாயத்தவர் கணிசமாக வாழும் பகுதி இது. ஆகவே இது யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல, நம் வீட்டுப் பிரச்சினை.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கியிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. மாணவர்களின் மனநலம் காக்க 15 வழிகாட்டுதல்களை அந்தத் தீர்ப்பு வகுத்தது. இதற்கென ஒரு சட்டம் வரும்வரை இவை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும்.

தீர்ப்பு சுட்டிய கணக்கு நெஞ்சை உலுக்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022ஆம் ஆண்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். அவற்றில் 2,248 மரணங்களுக்குத் தேர்வில் தோற்றதே நேரடிக் காரணம் என்று பதிவாகியுள்ளது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் சுருக்கிச் சொல்கிறோம். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிலையமும், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநருடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். தேர்வுக் காலத்திலும், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டப் படிப்புக்குப் போகும் காலத்திலும், சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியை ஒதுக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதையும், எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது இதற்கான பயிற்சி தர வேண்டும். உதவி எண்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும்.

இவை அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல. தனியார் பள்ளிகள், பயிற்சி மையங்கள், விடுதிகள் அனைத்துக்கும் பொருந்தும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளும் விடுதிகளும் இதில் அடக்கம்.

ஆனால் தீர்ப்பு தானாக நடந்து ஆரணிக்கு வந்துவிடாது. யாராவது கேட்க வேண்டும். என்ன கேட்பது என்று தெரிய வேண்டுமானால், நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

தறிச் சத்தத்துக்கு நடுவே படிப்பு

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைத் தெரியாதவர் இருக்க முடியாது. தறியில் அமர்பவர், பாவு ஓட்டுபவர், சாயம் போடுபவர், ஜரிகை விற்பவர், சேலையை ஊர் ஊராகக் கொண்டு செல்பவர் என்று கொசப்பாளையம், சைதாப்பேட்டை முதல் சுற்றுக் கிராமங்கள் வரை ஊரே பட்டை ஒட்டிப் பிழைக்கிறது. நம் வீடுகளும் இந்தப் பொருளாதாரத்துக்கு வெளியே இல்லை.

நெசவில் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சேலை இறங்கினால்தான் பணம். வேலை வீட்டுக்குள்ளேயே நடப்பதால் குடும்பமே அதில் ஈடுபடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தார் சுற்றும் வேலை காத்திருக்கும். கோர்வைச் சேலை என்றால் தறிக்குப் பக்கத்தில் இன்னொரு உதவிக் கை வேண்டும். தீபாவளிக்கான சேலைகள் நெருக்கும் அதே செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. தை மாத முகூர்த்தத்துக்குச் சேலை அவசரப்படும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பள்ளியின் நாட்காட்டியும் தறியின் நாட்காட்டியும் ஆண்டுக்கு இரண்டு முறை மோதிக்கொள்கின்றன. தோற்பது பெரும்பாலும் பள்ளிதான்.

சட்டத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம். அந்த வேலை ஆபத்தானதாக இருக்கக் கூடாது. இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்காரவைத்தால் அது குற்றம். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறியில் அடகு வைத்த காலத்தைப் பட்டு நெசவு வட்டாரங்கள் மறந்திருக்காது. அந்த நிலை பெருமளவு மாறிவிட்டது. ஆனால் 'பள்ளிக்குத்தான் போகிறானே' என்ற ஆறுதலுக்குப் பின்னால், மாலை ஐந்து மணி முதல் இரவு வரை ராட்டையில் உட்கார்ந்து, மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளை இருக்கிறான். சட்டம் அனுமதிப்பதெல்லாம் பிள்ளைக்கு நல்லதாகிவிடாது.

இதோடு மொழிச் சுமையும் சேர்கிறது. ஆரணி, ஆற்காடு, வேலூர் வட்டாரத்தில் நம் வீடுகள் பலவற்றில் உருது பேசுகிறார்கள். காலையில் மக்தபில் அரபி எழுத்து, பள்ளியில் தமிழ், ஆங்கில வழிப் பள்ளி என்றால் பாடநூல் முழுவதும் ஆங்கிலம். இத்தனையையும் ஒரு சிறு பிள்ளை சுமக்கிறது. மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை 'மந்தம்' என்று முத்திரை குத்துவது அநியாயம். அதற்குத் தேவை திட்டு அல்ல, தினமும் அரை மணி நேர வாசிப்புப் பயிற்சி.

விழுவது பத்தாம் வகுப்பில் அல்ல

பத்தாம் வகுப்பில் தோற்ற பையன் உண்மையில் எப்போது தோற்றான்? நான்காம் வகுப்பில் வகுத்தல் புரியாமல் போனபோது. ஆறாம் வகுப்பில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டாமல் படிக்க முடியாமல் இருந்தபோது. எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி என்ற கொள்கையைத் தமிழக அரசு தொடர்கிறது. ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் அந்தக் கொள்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அதில் பெற்றோருக்கு ஒரு கடமை இருக்கிறது. பிள்ளை வகுப்பு ஏறுவதையும் பிள்ளைக்குப் பாடம் ஏறுவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் முதல் தடவையாகச் சிவப்பு மையைப் பார்க்கும் பெற்றோர் 'நேற்றுவரை நன்றாகத்தானே படித்தான்' என்கிறார்கள். அவன் நேற்றும் திணறிக்கொண்டுதான் இருந்தான், நமக்குத்தான் தெரியவில்லை.

அரசு இதை உணர்ந்தே சில முயற்சிகளை எடுத்துள்ளது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேர வகுப்பு நடத்தியது. 2022ஆம் ஆண்டு ஜூனில் சிறு வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு 'திறன்' இயக்கம் தொடங்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படைத் திறன் பெறாத அரசுப் பள்ளி மாணவர்களைக் கண்டறிந்து, தனியாகப் பயிற்சி தருவது இதன் நோக்கம். உங்கள் பிள்ளை இந்த வகுப்புகளில் படித்தால் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை திறன் பட்டியலில் இருக்கிறானா?" இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தக்க நேரத்தில் உதவி கிடைக்கிறது என்று பொருள்.

மறுபக்கம், ஒன்றிய அரசின் சிறுபான்மையினர் பள்ளிக் கல்வி உதவித்தொகை 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லையே என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் பின்தங்கத் தொடங்கும் அதே வயதில் கை விடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு நம்மேல் கூடுதலாக விழுந்திருக்கிறது.

அறிவுரை வேறு, ஆலோசனை வேறு

'கவுன்சிலிங்' என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள்தான். ஒன்று, கல்லூரி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு. இன்னொன்று, 'என் பிள்ளை என்ன பைத்தியமா?' என்ற கோபம். இரண்டுமே இங்கே பொருந்தாது.

அறிவுரை சொல்ல நம் வீடுகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாப்பா சொல்வார், மாமா சொல்வார், பெரியத்தா சொல்வார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டியும் சொல்வார்கள். பிள்ளை சொல்வதைக் கேட்பவர்தான் இல்லை. பயிற்சி பெற்ற ஆலோசகரின் முதல் வேலை கேட்பது. ஏன் படிக்கவில்லை என்று அதட்டாமல், எது தடுக்கிறது என்று தேடுவது.

அந்தத் தேடலில் கிடைக்கும் விடை சில நேரம் மிக எளியது. கரும்பலகை தெரியாமல் இருந்திருக்கும். 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கிடைக்கும். சில நேரம் அது கற்றல் குறைபாடாக இருக்கும். எழுத்துகள் மாறித் தெரியும், வாய்மொழியில் எல்லாம் சொல்லும் பிள்ளை தாளில் எழுதத் திணறும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அங்கீகரித்துள்ளது. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இது தெரியாமலே எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்லித் தறிக்கும் பட்டறைக்கும் அனுப்பியிருக்கிறோம்?

சில நேரம் விடை வீட்டுக்குள் இருக்கும். கடன், சண்டை, வெளிநாடு போன தந்தை, நோயுற்ற தாய். சில நேரம் பிள்ளை வெளியே சொல்ல முடியாத ஒரு கொடுமை நடந்திருக்கும். அதைக் கண்டறிய ஆசிரியரின் நல்ல மனம் மட்டும் போதாது. நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரிடம் அதையும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நடமாடும் ஆலோசனை வண்டி எப்போதாவது வந்து போவதும் போதாது. பள்ளிக்கென்று ஒருவர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதனால்தான்.

அதே நேரம், பாட உதவி இல்லாமல் ஆலோசனை மட்டும் தந்தாலும் பயனில்லை. கணக்கு வராத பிள்ளையிடம் 'தன்னம்பிக்கையோடு இரு' என்றால் அவனுக்குக் கணக்கு வந்துவிடாது. மனம் விட்டுப் பேச ஒருவர், விட்ட பாடத்தைச் சொல்லித்தர ஒருவர். இரண்டும் சேர்ந்தால்தான் அவன் எழுவான்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) ஏற்பாடு செய்த வரலாற்றை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு பாடத்தை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். அந்த ஏற்பாடு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. நம் கல்விச் செலவு இன்று பெரும்பாலும் கேடயமாகவும் சால்வையாகவும், ஏற்கெனவே ஏறியவர்களிடமே போய்ச் சேர்கிறது.

ஆரணி போன்ற ஊர்களில் ஒவ்வொரு மஹல்லாவும் செய்யக்கூடிய ஐந்து காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மஹல்லாவில் 4 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஒரு பத்தி வாசிக்கவும், எளிய வகுத்தல் கணக்குப் போடவும் யாருக்கு உதவி தேவை என்று அமைதியாகக் கண்டறியுங்கள். அந்தப் பட்டியல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போகக் கூடாது.

இரண்டாவது, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மக்தப் கூடத்தைப் படிப்புக்குத் திறந்துவிடுங்கள். தறி ஓடும் வீட்டில் பிள்ளைக்கு அமைதியான மூலையும் வெளிச்சமும் கிடைப்பது கடினம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி மாணவரோ மாணவியோ போதும். அவர்களுக்கு மாத ஊக்கத்தொகை கொடுங்கள். பைத்துல் மாலின் எந்த நிதியை இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். நம் தெருவில் வாழும் மற்ற சமுதாய நெசவாளர் பிள்ளைகள் வந்தாலும் வாசல் திறந்திருக்கட்டும்.

மூன்றாவது, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம்பெறுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் ஆலோசகர் நியமனம் பற்றித் தீர்மானம் கொண்டுவாருங்கள். நம் சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகள் யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் செய்து முன்மாதிரியாக இருக்கட்டும். சிறிய பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையுடன் தொடர்பும் ஏற்படுத்திக்கொள்ளலாம்.

நான்காவது, முடிவு வெளியாகும் நாளில் மஹல்லாவிலிருந்து இரண்டு பெரியவர்கள் பரிசோடு அல்ல, ஆறுதலோடு தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்குப் போகட்டும். போகும்போது கையில் தகவலும் இருக்கட்டும். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. 2025ஆம் ஆண்டு அது ஜூலையில் தொடங்கியது. அதில் தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம், ஓராண்டு வீணாகாது. எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே சேரக்கூடிய தொழிற்பயிற்சி நிலையப் பிரிவுகளும் இருக்கின்றன. பத்து முடித்தவர்களுக்கு பாலிடெக்னிக் இருக்கிறது. நெசவு தெரிந்த பிள்ளைக்கு, சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது. தார் சுற்றிய கை அங்கே போனால், அந்த அனுபவமே அவனுக்கு மூலதனம்.

ஐந்தாவது, உதவி எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம் 14417. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416. மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பிள்ளை திடீரெனப் பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், தனக்குப் பிரியமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தால், 'நான் இல்லாவிட்டால் என்ன' என்ற தொனியில் பேசினால், தாமதிக்காமல் அழையுங்கள். அவனைத் தனியே விடாதீர்கள்.

தறியை இழிவாகச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நெசவு கௌரவமான தொழில். படித்து முடித்த ஒருவன் விரும்பித் தறிக்கு வந்தால் அது தொழிலுக்கே பெருமை. வேறு வழியில்லாமல், தோற்றவன் என்ற பட்டத்தோடு பதினைந்து வயதில் தறிக்கு வருவதைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

இழை அறுந்தால் நெசவாளி பாவையே தூக்கி எறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, பிணைத்துவிட்டுத்தான் அடுத்த வரி நெய்கிறார். அந்தப் பொறுமையை நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் காட்டுவோம். அடுத்த மே மாதம் பரிசளிப்பு விழா நடக்கட்டும். அதற்கு முந்தைய நாள், தேர்ச்சி பெறாத ஒவ்வொரு பிள்ளையின் கதவையும் நம்மில் ஒருவராவது தட்டியிருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.